கலர் குஞ்சு ஏன் வளரவில்லை?

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் அட்டைப்பெட்டியோடு ஒருவர் நிற்பார். உள்ளே ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் தோய்த்த கோழிக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிடும். சென்னையில் வளர்ந்த பலரும் ஒரு தடவையாவது அடம்பிடித்து அதில் ஒன்றை வாங்கியிருப்பார்கள். ஷூ டப்பாவுக்குள் பழைய பனியனை விரித்து, ஒரு மூடியில் தண்ணீர், பக்கத்தில் நாலு பருக்கை சோறு. மூன்றாம் நாள் காலையில் கால்களை நீட்டிக்கொண்டு கிடக்கும்.

நான் வாங்கியதில் நாலு அப்படித்தான் போயின. ஐந்தாவது பிழைத்தது, மாதவரத்தில் சித்தி வீட்டு மொட்டை மாடியில். சாயம் உதிர்ந்து, வெள்ளைச் சேவலாகி, விடியற்காலை நாலு மணிக்குத் தெருவையே எழுப்பியது. எட்டு மாதம் கழித்து அதை அறுத்தபோது கறி ஒரு கிலோகூடத் தேறவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை தெருமுனைக் கடைக் கூண்டில் உட்கார்ந்திருந்த பிராய்லருக்கு வயது நாற்பது நாள், எடை இரண்டு கிலோவுக்கு மேல். "அதுக்கெல்லாம் ஊசி போடுறாங்கடா" என்றார் சித்தப்பா. இன்றைக்கும் கறிக்கடை வரிசையில் நின்றால் இந்த வாக்கியம் காதில் விழாமல் இருக்காது.

அந்த வெள்ளைச் சேவல் யார் என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் ஆண் குஞ்சுகள். பொரிப்பகத்தில் முதல் நாளே ஆண், பெண் பிரித்துவிடுவார்கள். பெட்டைகள் முட்டைப் பண்ணைக்குப் போகும். ஆண் குஞ்சு முட்டையும் போடாது, கறியும் வைக்காது. வைக்கக் கூடாது என்றே அந்த இனத்தை உருவாக்கியிருக்கிறார்கள், ஏனென்றால் உடம்பு பெருத்தால் தின்கிற தீவனம் உடம்புக்கே போய்விடும், முட்டைக்கு வராது. வேண்டாத அந்தக் குஞ்சுகள் அழிக்கப்படும், அல்லது கழிவு விலைக்குப் போய்ச் சாயம் ஏறித் தெருவுக்கு வரும். ஆக, சித்தி வீட்டுச் சேவலுக்கு என்ன தீனி போட்டிருந்தாலும் அது பிராய்லர் ஆகியிருக்காது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்து பார்த்த ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2001-இல் செய்து, 2003-இல் வெளியிட்டார்கள். 1957-இல் இருந்த கறிக்கோழி வம்சம் ஒன்றை இனத்தேர்வு எதுவும் செய்யாமல் அப்படியே பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதையும், 2001-இல் பண்ணைகளில் இருந்த ராஸ் 308 கோழியையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார்கள். தீவனத்திலும் இரண்டு வகை: 1957 முறைப்படி அரைத்தது ஒன்று, 2001 முறைப்படி அரைத்தது ஒன்று. பழைய கோழிக்குப் பழைய தீவனம் போட்டால் 42 நாளில் 539 கிராம். அதற்கே புதுத் தீவனம் போட்டால் 578 கிராம். அவ்வளவுதான், 39 கிராம் கூடியது. புதுக் கோழிக்குப் பழைய தீவனம் போட்டபோது 2,126 கிராம். புதுக் கோழி, புதுத் தீவனம் என்றால் 2,672 கிராம். நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் கூடிய எடையில் 85 முதல் 90 சதவீதம் இனத்தேர்வின் வேலை, மிச்சம்தான் தீவனத்தின் வேலை என்று கணக்குச் சொன்னார்கள்.

ஊசிக் கதைக்கு இந்த நான்கு எண்களே போதும். இருந்தாலும் இன்னொன்றையும் சொல்லிவிடலாம். வளர்ச்சி ஹார்மோன் என்பது புரதம். தீவனத்தில் கலந்தால் வயிற்றிலேயே செரித்துப் போகும். ஊசியாகப் போடுவதென்றால் ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகத் தினமும் பிடித்துக் குத்த வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய் லாபம் பார்க்கிற தொழிலில் அந்த ஆள்கூலிக்கே கட்டாது. பண்ணைக்கோழி விஷயத்தில் கவலைப்பட வேண்டியது வேறொன்று, அது ஆன்டிபயாடிக். நோய் வராமலேயே, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கும் பழக்கம் இருந்தது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக டாக்டர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டினும் அதில் ஒன்று. 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான கால்நடைகளில் கொலிஸ்டின் பயன்பாட்டைத் தடை செய்தது. சித்தப்பா கோபப்பட வேண்டிய இடம் அது, ஊசி இல்லை.

இனத்தேர்வு என்றால் என்னதான் செய்கிறார்கள்? பெரிய நிறுவனங்கள் கொள்ளுத் தாத்தா பாட்டி வரிசையில் பல தூய வம்சங்களை வைத்திருக்கும். ஒன்று வேகமாகக் கறி வைக்கும், ஒன்று நிறைய முட்டையிடும், ஒன்றுக்குக் கால் உறுதி. இவற்றைக் குறிப்பிட்ட ஒழுங்கில் கலந்து தாத்தா பாட்டி, அதைக் கலந்து தாய் தகப்பன், அதிலிருந்து வருவது பண்ணையாளர் கைக்கு வரும் குஞ்சு. தூர வம்சங்கள் சேரும்போது வருகிற கலப்பு வீரியம் அந்தக் கடைசிக் குஞ்சிடம் உச்சத்தில் இருக்கும். அதோடு சரி. பிராய்லர் கோழியை மாடியில் வைத்து வளர்த்து அதன் முட்டையை அடைவைத்தால் வருகிற குஞ்சுகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று கலைந்து போகும். ஒவ்வொரு பேட்சுக்கும் குஞ்சு வாங்கியே தீர வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. நந்தனத்தில் இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கோழிகளுக்கு அந்த வட்டாரப் பெயரே வைத்தார்கள்: நந்தனம் கோழி 1, நந்தனம் கோழி 2 என்று. நிலையம் பிறகு மாதவரம் பால்பண்ணைப் பக்கம் போனது. புறக்கடையில், அதாவது வீட்டுக் கொல்லையில் மேய்ந்து திரியும் வளர்ப்புக்காகப் பார்த்துச் செய்த கோழிகள் அவை. பிராய்லர் வேகமும் இல்லாமல், நாட்டுக்கோழி நிதானமும் இல்லாமல் நடுவில் நிற்பவை.

நாட்டுக்கோழி ஏன் நிதானம்? அதை யாரும் எடைக்காகத் தேர்வு செய்யவில்லை. பருந்துக்கும் நாய்க்கும் தப்புவதற்கும், குப்பையைக் கிளறிப் பிழைப்பதற்கும், குஞ்சு பொரித்துக் காப்பாற்றுவதற்கும் காலமே தேர்ந்தெடுத்த கோழி அது. பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு திரியும். அந்த நாட்களில் முட்டை கிடையாது. அதனால்தான் ஆண்டுக்கு அறுபது எழுபதோடு நின்றுவிடுகிறது. பண்ணை முட்டைக்கோழியிடம் அடைக்கு உட்காரும் குணத்தைத் தேர்ந்து தேர்ந்து ஒழித்துவிட்டார்கள். அது 72 வார வயதுக்குள் முந்நூறைத் தாண்டும். முட்டை கூடியதென்றால் தாய்மை கழிந்ததால் கூடியது. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும் என்பதைக் கோழியிடம் பார்ப்பதுபோல் வேறெங்கும் அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

(இடையில் ஒரு செய்தி. கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பது பலருக்கும் தெரியும். ஆனால் பண்ணைக் கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் கடையில் தொங்கும் கோழியின் தோலிலும் நம் மலைக்காட்டின் சாயல் இருக்கிறது. அதற்காக மஞ்சள் தோலெல்லாம் நாட்டுக்கோழி என்று நினைத்துவிட வேண்டாம். மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டினால் எந்தக் கோழியும் அந்த நிறத்துக்கு வரும்.)

சரி, இனம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதென்றால் என் முதல் நாலு குஞ்சுகள் ஏன் செத்தன? இனத்துக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பில்லை. முட்டையை விட்டு வெளியே வரும் குஞ்சு, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. அது ஏறக்குறைய மூன்று நாள் தாங்கும். பொரிப்பகத்திலிருந்து தூர ஊர்களுக்குக் குஞ்சுகளைத் தீனி தண்ணீர் இல்லாமல் அனுப்ப முடிவது அதனால்தான். அந்த மூன்று நாளுக்குள் குஞ்சு சாப்பிடக் கற்றுக்கொள்ள வேண்டும், சரியான தீனியும் இருக்க வேண்டும். வடித்த சோற்றில் நூறு கிராமுக்கு மூன்று கிராம் புரதம்கூடக் கிடையாது. குஞ்சுத் தீவனத்தில் இருக்க வேண்டியது 20 சதவீதத்துக்கு மேல். அந்தக் கடுகளவு இரைப்பையைச் சோற்றால் நிரப்பினால் வயிறு நிறையும், உடம்புக்கு ஒன்றும் சேராது.

தீனியாவது போட்டோம், சூடு அதுவும் இல்லை. முதல் வாரத்தில் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாய்க்கோழியின் சிறகுச் சூடு இல்லாத இடத்தில் புரூடர், அதாவது பல்பு வைத்த சூட்டுக்கூண்டு, அந்த வேலையைச் செய்கிறது. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கிடந்தால் குளிர். ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்திருந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே மூலையில் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றடிக்கிறது. பரவலாகப் படுத்தும் கொத்தியும் திரிந்தால் சரியாக இருக்கிறது. பிராய்லர் பண்ணையில் நாற்பது கிராம் குஞ்சு ஏழாம் நாளில் நாலு மடங்குக்கு மேல் வந்தாக வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். அந்த வாரத்தில் விட்டதைப் பிறகு பிடிக்க முடியாது. டிசம்பர் மாத விடியற்காலையில் ஷூ டப்பாவுக்குள் பழைய பனியனோடு கிடந்த குஞ்சின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

தீவனத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசும்போது "நல்ல தீனி போடுங்க" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நல்ல தீனி என்பது அளவில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பண்ணைத் தீவனத்தில் மக்காச்சோளம் பெரும்பங்கு, அடுத்தது சோயா புண்ணாக்கு. மக்காச்சோளம் சக்திக்கு, சோயா புரதத்துக்கு. ஆனால் புரதம் என்பது ஒரே பொருள் இல்லை, அது அமினோ அமிலங்களின் கூட்டு. மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனத்தில் முதலில் பற்றாமல் போவது மெத்தியோனின். இட்லிக்கு அரிசி பத்துப் படி இருந்து உளுந்து ஒரு கைப்பிடிதான் இருந்தால் எத்தனை பேருக்கு இட்லி வரும்? உளுந்தின் அளவுக்குத்தான். மெத்தியோனின் தீர்ந்த இடத்தில் தசை கட்டும் வேலையும் நின்றுவிடும். மிச்ச அமினோ அமிலங்களைக் கோழி சேமித்து வைக்க முடியாது. உடைத்து எச்சமாகத் தள்ளும். கடலைப் புண்ணாக்கை அள்ளிப் போட்டும் கோழி தேறவில்லை என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

வயதுக்கு ஏற்பத் தீவனம் மாறும். இந்தியத் தர நிர்ணயப்படி கறிக்கோழிக்கு முதல் வாரம் 23 சதவீதப் புரதம், அடுத்து 22, கடைசியில் 20. புரதம் இறங்கும்போது சக்தி ஏறும். முட்டைக்கோழிக்குக் கதை வேறு, அங்கே சுண்ணாம்புதான் ராஜா. ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும், அதையும் பெரும்பாலும் இரவில்தான் ஓடாகக் கட்டுகிறது. அதனால்தான் தீவனத்தில் கிளிஞ்சல் சேர்ப்பது. சாயங்காலத் தீனியில் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ப்பவர்களும் உண்டு. தண்ணீரை யாரும் தீனியாக நினைப்பதில்லை. கோழி தின்கிற தீவனத்தைப்போல் இரண்டு மடங்கு குடிக்கும், வெயிலில் அதைவிடவும் கூடும். மாடியில் கறுப்புத் தொட்டியிலிருந்து குழாய் இழுத்தவர்கள் மத்தியானம் ஒருமுறை அந்தத் தண்ணீரில் கைவைத்துப் பார்க்கலாம். வெந்நீரைக் கோழி குடிக்காது. குடிக்காத கோழி தின்னாது.

சென்னையில் தீவனத்துக்கு இன்னொரு எதிரி உண்டு, ஈரக்காற்று. ஐப்பசி கார்த்திகையில் சுவரோரம் அடுக்கிய மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு பிடித்தாலே அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகலாம். இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்ததே பறவைகளால்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் தெரியாமல் தவித்துக் கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் கண்டுபிடித்தார்கள். கோழி உடனே சாகாவிட்டாலும் ஈரல் கெடும், எதிர்ப்புச் சக்தி குறையும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டும் நோய் வந்துவிட்டது என்று புலம்புபவர்கள் தடுப்பூசியைச் சந்தேகிக்குமுன் தீவன மூட்டையை முகர்ந்து பார்ப்பது நல்லது. மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பதினைந்து நாளுக்கு மேல் தேங்காத அளவு வாங்கி வைத்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

இனிக் கொட்டகை. இதைப் பற்றித்தான் நம் ஊரில் குறைவாகப் பேசுகிறார்கள். என் கணிப்பில் சென்னையில் கோழியின் எடையைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் இதுதான்.

பல்லடம் பக்கத்து ஒப்பந்தப் பண்ணைகளைப் பாருங்கள். நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும், பண்ணையாளர் கொட்டகையும் உழைப்பும் தருவார். ஒரே பொரிப்பகக் குஞ்சு, ஒரே ஆலைத் தீவனம். ஆனாலும் அடுத்தடுத்த இரண்டு பண்ணைகளில் எஃப்சிஆர் ஒன்றாக இருப்பதில்லை. எஃப்சிஆர் என்பது ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் செலவானது என்ற கணக்கு. குறையக் குறைய நல்லது. வளர்ப்புக் கூலியே அதை வைத்துத்தான் தீர்மானமாகும். இனமும் தீனியும் ஒன்றாக இருக்கையில் மிச்சமிருப்பது கொட்டகையும் அதைக் கவனிக்கும் கண்ணும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல். இறகு போர்த்திய உடம்பிலிருந்து சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்தான்: சிறகை அகற்றிக் காற்று வாங்குவது, கொண்டைக்கும் தாடைக்கும் ரத்தத்தை அனுப்புவது, கடைசியாக வாயைத் திறந்து இளைப்பது. இளைக்கும்போது மூச்சுப் பாதையின் ஈரம் ஆவியாகி உடம்பு குளிர்கிறது. இங்கேதான் சென்னை குறுக்கே வருகிறது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் ஆவியாதல் மெதுவாக நடக்கும். நமக்குச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்கிற அதே காரணம்தான்.

உள்நாட்டில் 40 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தண்ணீரைப் புகையாகத் தெளித்தால் கொள்கையளவில் காற்றின் சூட்டை 24 டிகிரிக்கு இறக்க முடியும். சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் என்ன தெளித்தாலும் 29-க்குக் கீழே போகாது. வெப்பமானியில் குறைவாகக் காட்டும் ஊரில்தான் கோழிக்குக் கஷ்டம் அதிகம். நாமக்கல் பண்ணையில் பார்த்துவிட்டு வந்து இங்கே ஃபாகர் என்ற அந்தப் புகைத் தெளிப்பானை மாட்டியவர்கள் பலர், ஈரம் கூடி நிலைமை இன்னும் மோசமானதென்று சொல்வது இதனால்தான். கடற்கரை ஊரில் வேலைக்கு ஆவது காற்றோட்டம். கோழியின் உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஓரடி உயரத்தில், காற்று நகர வேண்டும். மேலே ஃபேன் சுற்றி நம் தலைக்குக் காற்று வந்தால் கோழிக்கு வந்ததாகாது.

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும் என்ற பழைய விதி இங்கே இரட்டை லாபம். காலை மாலை வெயில் குறுகிய பக்கத்தில்தான் விழும். நீண்ட பக்கம் தெற்கே பார்த்திருப்பதால் மத்தியானம் வருகிற தென்கிழக்குக் கடற்காற்றும் உள்ளே நுழையும். அகலம் முப்பது அடியைத் தாண்டினால் காற்று நடுவில் செத்துவிடும். பக்கச் சுவர் ஓரடி போதும், மேலே கம்பி வலை. கூரை மூன்றடி வெளியே நீண்டிருந்தால் வெயிலும் சாரலும் தடைபடும். மொட்டை மாடியில் தகரம் வேய்ந்து கூண்டு வைப்பவர்கள் மாடித் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கோழி பகல் சூட்டைக்கூடத் தாங்கும், ராத்திரி ஆறாவிட்டால்தான் தாங்காது. தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் போட்டு, தளத்திலிருந்து ஓரடி உயர்த்திக் கூண்டை வைத்தால் காசில்லாமலே வித்தியாசம் தெரியும்.

கத்திரி வெயிலில் கூடுதலாக ஒன்று: தின்ற தீனி செரிக்கும்போதும் சூடு பிறக்கும். ஆகவே காலை பத்து மணிக்குத் தீனித் தட்டை எடுத்துவிட்டு, சாயங்காலம் வெயில் தணிந்ததும் வைப்பார்கள். அதிகாலையில் தின்னட்டும், மத்தியானம் தண்ணீர் மட்டும். முட்டைக்கோழி வைத்திருப்பவர்கள் மே மாதத்தில் ஓடு மெல்லிசாகிவிட்டது என்று கிளிஞ்சலைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கிளிஞ்சல் பற்றாமல் இல்லை. இளைக்க இளைக்கக் கரியமில வாயு உடம்பை விட்டுப் போகிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டுக்கு அதுதான் மூலப்பொருள். தீவனத்தில் தெரியும் கோளாறு போல இருக்கும், வேர் கொட்டகையில் கிடக்கும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். தீவனத்தில் அமினோ அமிலப் பொருத்தம் இல்லாமல் புரதம் மட்டும் கூடினால் மிச்ச நைட்ரஜன் எச்சத்தில் இறங்கும் என்றேன். அது தரையில் பரப்பிய கூளத்தில் கிடந்து அம்மோனியாவாகும். நெல் உமியோ தேங்காய் நார்க்கழிவோ போட்ட கூளம் மழைக்காலத்தில் நனைந்திருந்தால் இன்னும் வேகம். அம்மோனியா 25 பிபிஎம் அளவை (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டினால் கோழிக்குக் கண்ணும் மூச்சுக்குழலும் எரியும், தீனி எடுக்காது, சளி பிடிக்கும். ஈரக் கூளத்தில் இரத்தக் கழிச்சலும் சேர்ந்துகொள்ளும். ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் சரி. முகர்ந்து பார்ப்பதென்றால் குந்தி உட்கார்ந்து முகர வேண்டும். நின்றபடி முகர்ந்துவிட்டு வாசனையே இல்லை என்பவர் தன் மூக்குக்குத்தான் கொட்டகை கட்டியிருக்கிறார்.

இனம், தீனி, இருப்பிடம் மூன்றையும் தனித்தனி மதிப்பெண்ணாகப் போட்டுக் கூட்டிவிட முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. வேகமாக வளரும் கோழி நிறையத் தின்னும். நிறையத் தின்பது நிறையச் சூடு உண்டாக்கும். எனவே இனம் உயர உயரக் கொட்டகையும் உயர்ந்தாக வேண்டும். ஐந்தாவது வாரத்துப் பிராய்லர்தான் மே மாத மத்தியானத்தில் முதலில் சாகிறது. கூட்டத்திலேயே கனமானது, நன்றாக வளர்ந்தது, அதுவே முதலில். பக்கத்தில் நாட்டுக்கோழி வேப்பமர நிழலில் மண் குளித்துக்கொண்டு கிடக்கும். இதயமும் நுரையீரலும் காலும் தசையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பிராய்லர் படும் அவஸ்தை தனிக் கதை. அவற்றின் தாய்க்கோழிகளுக்கோ வயிறாரத் தீனி போடவே முடியாது. போட்டால் கொழுத்து முட்டை நின்றுவிடும். அளந்துதான் போடுவார்கள், அவை பசியோடுதான் இருக்கும். மலிவான கறியின் விலையில் அந்தப் பசியும் சேர்ந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுபக்கம், நாட்டுக்கோழிக்குப் பிராய்லர் தீவனம் போட்டு வேகப்படுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. 539 எப்படி 578 ஆனதோ அப்படித்தான் ஆகும். மிச்சம் அடிவயிற்றுக் கொழுப்பு. நாட்டுக்கோழி ஏன் இரண்டு மூன்று மடங்கு விலை என்பதற்கும் இங்கேதான் பதில். கோழி தினமும் தின்பதில் முதல் பங்கு உயிரோடு இருப்பதற்கான வாடகை, அதற்குப் போக மிச்சம்தான் கறி. அதே வட கரோலினா சோதனையின் கணக்குப்படி 1,815 கிராம் எடைக்கு வர புதுக் கோழிக்கு 32 நாளும் கிலோவுக்கு 1.47 கிலோ தீவனமும் போதும். பழைய கோழிக்குப் பழைய தீவனத்தில் 101 நாள், 4.42 கிலோ. எழுபது நாள் கூடுதல் வாடகை யார் தலையில்? வாங்குகிறவர் தலையில்தான். அந்த வயதுக்குத் தகுந்த கடிபதமும் ருசியும் கிடைக்கிறது என்பது உண்மை. ருசிக்குப் பெரிய காரணம் வயது. அதனால்தான் முட்டை ஓய்ந்த ஒன்றரை வயது லேயர் கோழியை மஞ்சள் தடவி வாட்டி நாட்டுக்கோழி என்று விற்றாலும் குழம்பில் பலருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

மாடியிலோ கொல்லையிலோ வளர்க்க நினைப்பவர்கள் பொதுவாக எந்தக் கோழி லாபம் என்று முதலில் கேட்கிறார்கள். எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் பார்த்து அதற்கேற்ற கோழியைத் தேடுவதுதான் சென்னைக்குச் சரிப்படும். காற்று வராத மாடிக்குச் சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழி போதும். கழுத்தில் இறகில்லாத கோழியைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், ஆனால் அந்த மரபணு உடம்பின் இறகையே குறைத்துச் சூட்டை வெளியேற்ற உதவுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது கொஞ்சம் ஆறுதல். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். அந்தச் சேவலை ஒன்றிரண்டு ஆண்டில் வேறு வீட்டுச் சேவலோடு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அப்பனும் மகளுமாய்க் கலந்து, அடைவைத்த முட்டை பொரிப்பதே குறையும், பொரித்த குஞ்சும் நோஞ்சானாக வரும். இதைத் தீவனத்தில் சரிக்கட்ட முடியாது.

சித்தி இப்போது சிறுவிடை ஆறு வைத்திருக்கிறாள். மாடியிலிருந்து இறக்கி, பின்பக்கம் முருங்கை மரத்தடியில் கூண்டு. போன மாதம் அவள் பேத்தி பள்ளி விட்டு வரும்போது ரோஸ் கலர் குஞ்சு ஒன்றைப் பார்த்துவிட்டு நகர மறுத்தாள். "அண்ணா, இது முட்டை போடுமா?" என்று கேட்டாள். "போடும் பாப்பா, டெய்லி ஒண்ணு" என்றார் குஞ்சு விற்பவர். சித்தி இருபது ரூபாயை எடுத்து நீட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அறுபது வாட் பல்பைத் தேடினாள்.